பைடெஸ்ட் முடிவுகளை டெஸ்ட்ரெயிலில் தானாக ஏற்றும் பிளகின்: முதல்முறை எழுதுபவருக்கு

ஆட்டோமேஷன் டெஸ்ட்டுகள் ராத்திரி ஓடி முடிந்து, பில்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸில் பச்சையோ சிவப்போ காட்டும். டெஸ்ட் கேஸ்களின் அதிகாரபூர்வப் பட்டியலோ டெஸ்ட்ரெயில் என்ற டெஸ்ட் மேனேஜ்மென்ட் கருவியில் இருக்கும். பல டீம்களில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் இருப்பார்: காலையில் வந்து ஒன்றைப் பார்த்து மற்றதில் பாஸ், ஃபெயில் என்று குறிப்பவர். ரிலீஸ் நெருங்க நெருங்க அந்தக் குறிகள் பின்தங்கும். ஒரு கட்டத்தில் எதை நம்புவது என்று மேனேஜருக்கே தெரியாது. அந்த வேலையை, பைத்தானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்டுக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் பிளகின் ஒன்றிடம் ஒப்படைப்பது எப்படி என்று இங்கே பார்ப்போம்.

பைத்தானில் ஃபங்ஷன், கிளாஸ் எழுதத் தெரியும், பைடெஸ்டில் சில டெஸ்ட்டுகள் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பிளகின் பக்கம் போனதில்லை என்று வைத்துக்கொள்கிறேன். ஃபைல், ஹூக் பெயர்களை எல்லாம் உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். எடிட்டரில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோடு.

எழுதத்தான் வேண்டுமா?

முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பைடெஸ்டுக்கு ஜேயூனிட் எக்ஸ்எம்எல் ரிப்போர்ட் எழுத ஏற்கெனவே தெரியும். அந்த ஃபைலை டெஸ்ட்ரெயிலில் ஏற்ற அவர்களே டிஆர்சிஎல்ஐ என்ற கமாண்ட்லைன் கருவியைத் தருகிறார்கள். உங்கள் தேவை "ஓடி முடிந்ததும் முடிவு போய்ச் சேர வேண்டும்" என்ற அளவில்தான் என்றால், பைப்லைனில் இரண்டு வரி சேர்த்தால் முடிந்தது. இதற்கு மேல் படிக்க வேண்டாம்.

செட்டப்பில் விழுந்ததை ஃபெயில் என்று காட்டக் கூடாது, தெரிந்த பக் என்று குறித்து வைத்ததைத் தனியாகக் காட்ட வேண்டும், ஒரே கேஸுக்குப் பத்து டேட்டா செட் ஓடுகிறது என்று உங்கள் டீமுக்கென்றே விதிகள் இருந்தால்தான் பிளகின் எழுதுவதில் அர்த்தம். முடிவை அனுப்புவது சின்ன வேலை. எதை முடிவு என்று சொல்வது என்பதில்தான் நேரம் போகும்.

ஹூக் என்றால் என்ன

பைடெஸ்ட் முழுவதுமே ப்ளகி என்ற சிறிய லைப்ரரியின் மேல் நிற்கிறது. டாக்ஸ் என்ற டெஸ்ட் கருவியும் அதையேதான் பயன்படுத்துகிறது. பைடெஸ்டோடு கூடவே வரும் பல வசதிகளும், மேலே சொன்ன ஜேயூனிட் ரிப்போர்ட் உட்பட, பிளகின்கள்தான். நீங்கள் எழுதப்போவது அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று.

டெஸ்ட் ஓட்டத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் பைடெஸ்ட் ஒரு பெயரைச் சொல்லி அழைக்கும். அந்தப் பெயரில் உங்களிடம் ஃபங்ஷன் இருந்தால் அது ஓடும். அதுதான் ஹூக். ஆவணத்தில் ஒரு ஹூக்குக்கு மூன்று ஆர்க்யூமென்ட் இருந்தாலும் உங்களுக்குத் தேவையானதை மட்டும் எழுதலாம். ப்ளகி பெயரை வைத்துப் பொருத்திக் கொடுக்கும். அதனால் ஆர்க்யூமென்டின் பெயரை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஹூக்கின் பெயரில் ஓரெழுத்து பிசகினால் தெரியாத ஹூக் என்று பைடெஸ்ட் தொடக்கத்திலேயே நின்றுவிடும். நல்லதுதான், சத்தமில்லாமல் ஓடாமல் கிடப்பதைவிட.

தொடக்கம் கான்ஃப்டெஸ்டில்

பேக்கேஜ், வெளியீடு எல்லாம் அப்புறம். ப்ராஜெக்டின் மேல் ஃபோல்டரில் இருக்கும் கான்ஃப்டெஸ்ட்.பை ஃபைலே ஒரு பிளகின்தான்; அங்கேயே தொடங்குங்கள். உள் ஃபோல்டரில் இருக்கும் கான்ஃப்டெஸ்ட் வேண்டாம். கமாண்ட்லைன் ஆப்ஷன் சேர்க்கும் ஹூக், தொடக்கத்திலேயே ஏற்றப்படும் கான்ஃப்டெஸ்டில் இருந்தால்தான் அழைக்கப்படும்.

முதல் ஹூக் பைடெஸ்ட்_ஆட்ஆப்ஷன். இதில் பார்சரிடம் ஒரு குரூப் கேட்டு வாங்கி, அதற்குள் இரண்டு ஆப்ஷன்கள் சேருங்கள். ஒன்று, எந்த டெஸ்ட் ரன்னில் (ஒரு சுற்று டெஸ்ட்டுக்கான டெஸ்ட்ரெயில் பட்டியல்) ஏற்றுவது என்ற எண்: --டிஆர்-ரன். இன்னொன்று, அனுப்பாமல் ஜேசான் ஃபைலில் மட்டும் எழுதச் சொல்வது: --டிஆர்-ட்ரைரன். சுருக்கமாக ஒற்றைச் சிறிய எழுத்தில் ஆப்ஷன் வைக்கலாமே என்று தோன்றும். முடியாது, அவை பைடெஸ்டுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டவை, வைத்தால் வேல்யூஎரர் வரும். டெஸ்ட்ரெயிலின் முகவரி அடிக்கடி மாறாது. ஆகவே அதை ஆட்இனி என்ற மெத்தட் மூலம் 'இனி' ஃபைலில், அதாவது பைடெஸ்டின் செட்டிங்ஸ் ஃபைலான பைடெஸ்ட்.இனியில், இருந்து படிக்க வையுங்கள்.

ஏபிஐ கீயை இந்த இரண்டு இடத்திலும் வைக்காதீர்கள். கமாண்ட்லைனில் கொடுத்தால் பில்ட் லாகில் தெரியும். இனி ஃபைலில் வைத்தால் கிட்டில் ஏறும். என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து மட்டும் படியுங்கள். டெஸ்ட்ரெயில் பக்கத்தில் இரண்டு வேலை உண்டு. அட்மின் சைட் செட்டிங்ஸில் ஏபிஐயை இயக்கி விட வேண்டும். கீயை யூசர் தன் மை செட்டிங்ஸ் பக்கத்தில் உருவாக்கிக்கொள்ள வேண்டும். இதற்கென்று தனி யூசர் ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு வந்த ஆயிரம் முடிவுகளும் யாரோ ஒரு டெஸ்டரின் பெயரில் நிற்கும்.

டெஸ்ட்டையும் கேஸையும் இணைப்பது

டெஸ்ட் ஃபங்ஷனின் தலையில் இப்படி ஒரு மார்க்கர்: @பைடெஸ்ட்.மார்க்.கேஸ்(1042). இதைப் பைடெஸ்ட்_கான்ஃபிகர் ஹூக்கில், ஆட்இனிவேல்யூ_லைன் என்ற மெத்தட் மூலம் பதிவு செய்யுங்கள். செய்யாவிட்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் எச்சரிக்கை வரும். பதிவாகாத மார்க்கரை எரராக்கும் ஸ்ட்ரிக்ட் மார்க்கர்ஸ் ஆப்ஷனை டீம் போட்டிருந்தால் ஓடவே ஓடாது.

டெஸ்ட்ரெயில் திரையில் எண்ணுக்கு முன்னால் சி என்ற எழுத்து இருக்கும். ஏபிஐ கேட்பது வெறும் எண். ஆனால் மக்கள் திரையில் பார்ப்பதை அப்படியே காப்பி செய்துதான் ஒட்டுவார்கள். அவர்களைத் திருத்துவதைவிட, முன்னால் சி இருந்தால் வெட்டிவிடும் ஒரு வரியை நீங்களே எழுதிவிடுங்கள்.

அடுத்து, அந்த எண்ணை ரிப்போர்ட் வரை கொண்டுசேர்க்க வேண்டும். இங்கே பலரும் ஒரு குளோபல் டிக்ஷனரி வைத்து டெஸ்ட் பெயருக்கு எதிராக எண்ணைச் சேமிப்பார்கள். தனியாக ஓட்டும்வரை அது வேலை செய்யும். எக்ஸ்டிஸ்ட் பிளகின் போட்டு நான்கு ப்ராசஸாகப் பிரித்ததும் டிக்ஷனரி காலியாக இருக்கும். காரணம்: டெஸ்ட்டுகளைச் சேகரிப்பதும் ஓட்டுவதும் வொர்க்கர்கள். மேலே உட்கார்ந்திருக்கும் கன்ட்ரோலர் எதையும் சேகரிப்பதில்லை, அதற்கு ரிப்போர்ட்டுகள் மட்டுமே வந்து சேரும். உங்கள் டிக்ஷனரி ஒவ்வொரு வொர்க்கரின் மெமரியிலும் தனித்தனியாக நிரம்பி, அங்கேயே செத்துப்போகும்.

சரியான வழி எளிது. பைடெஸ்ட்_கலெக்ஷன்_மாடிஃபைஐட்டம்ஸ் ஹூக்கில் ஒவ்வொரு ஐட்டமாகப் போய், கெட்_க்ளோசெஸ்ட்_மார்க்கர் கொண்டு மார்க்கரைத் தேடி, எண்ணை எடுத்து, ஐட்டத்தின் யூசர்_ப்ராப்பர்ட்டீஸ் லிஸ்டில் ("கேஸ்", 1042) என்று ஒரு டியூப்பிளாகச் சேர்த்துவிடுங்கள். பைடெஸ்ட் ரிப்போர்ட் தயாரிக்கும்போது இந்த லிஸ்டை அதில் ஏற்றிவிடும். எக்ஸ்டிஸ்டும் அதை ப்ராசஸ் தாண்டிப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும். ஜேயூனிட் ரிப்போர்ட்டிலும் அந்த எண் தானாக வந்து நிற்கும்.

ஒரு டெஸ்ட், மூன்று ரிப்போர்ட்

பிளகினின் இதயம் பைடெஸ்ட்_ரன்டெஸ்ட்_லாக்ரிப்போர்ட் என்ற ஹூக். புதியவர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். ஒரு டெஸ்ட்டுக்கு ஒரு தடவை அழைக்கப்படும் என்று நினைப்போம். உண்மையில் செட்டப் (முன்தயாரிப்பு), கால் (டெஸ்ட்டையே ஓட்டுவது), டியர்டவுன் (முடிந்ததும் சுத்தம் செய்வது) என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தடவை அழைக்கப்படும். எந்தக் கட்டம் என்பது ரிப்போர்ட்டின் வென் என்ற இடத்திலும், என்ன ஆனது என்பது அவுட்கம் என்ற இடத்திலும் இருக்கும். கட்டத்தைப் பார்க்காமல் அவுட்கமை மட்டும் அனுப்பினால், கால் கட்டத்தில் ஃபெயிலான டெஸ்ட் டியர்டவுனில் பாஸ் ஆகிவிடும். கடைசியாக வந்த முடிவைத்தான் டெஸ்ட்ரெயில் அந்தக் கேஸின் நிலையாகக் காட்டும். ஆக, விழுந்தது எல்லாம் பச்சையாக நிற்கும்.

டெஸ்ட்ரெயிலோடு வரும் நிலைகளின் எண்கள்: 1 பாஸ், 2 ப்ளாக்ட், 3 அன்டெஸ்டட், 4 ரீடெஸ்ட், 5 ஃபெயில். இதில் 3-ஐ முடிவாக அனுப்ப முடியாது. இனி ஒவ்வொன்றாக முடிவெடுப்போம்.

செட்டப் பாஸ் ஆனால் எதுவும் செய்ய வேண்டாம், கால் வரும்வரை காத்திருங்கள். செட்டப் ஃபெயில் ஆனால் கால் கட்டம் வரவே வராது. டேட்டாபேஸ் எழவில்லை, லாகின் டோக்கன் கிடைக்கவில்லை என்பது போன்ற காரணமாக இருக்கும். பைடெஸ்ட் இதை எரர் என்று தனியாக எண்ணும். நான் இதை 2, அதாவது ப்ளாக்ட் என்றே அனுப்பச் சொல்வேன். டெஸ்ட் ஓடவே இல்லாதபோது ப்ராடக்டில் கோளாறு என்று எழுதி வைத்தால், டெவலப்பர்கள் இரண்டு வாரத்தில் அந்தப் பட்டியலைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள்.

ஸ்கிப் மார்க்கர் போட்ட டெஸ்ட் செட்டப் கட்டத்திலேயே ஸ்கிப்ட் என்று வரும். டெஸ்ட்டின் உள்ளே பைடெஸ்ட்.ஸ்கிப் அழைத்தால் கால் கட்டத்தில் வரும். இரண்டையும் அனுப்பாமல் விடுங்கள், ரன்னில் அது அன்டெஸ்டட் ஆகவே நிற்கட்டும். உண்மையும் அதுதானே.

விழும் என்று தெரிந்தே குறித்து வைக்கும் எக்ஸ்ஃபெயில் மார்க்கர் கொஞ்சம் தந்திரமானது. எதிர்பார்த்தபடி விழுந்தால் அவுட்கம் ஸ்கிப்ட் என்றுதான் வரும், ஆனால் ரிப்போர்ட்டில் வாஸ்எக்ஸ்ஃபெயில் என்ற ஆட்ரிப்யூட் கூடவே இருக்கும். ஆகவே ஸ்கிப்பைச் சோதிக்கும் முன் இதைச் சோதியுங்கள். தெரிந்த பக்தான் என்றாலும் பக் இன்னும் இருக்கிறது. 5 என்று அனுப்பி, எக்ஸ்ஃபெயிலின் காரணத்தைக் கமென்டில் போடுங்கள். விழ வேண்டியது பாஸ் ஆகிவிட்டால் அவுட்கம் பாஸ்ட், கூடவே அதே ஆட்ரிப்யூட். 1 அனுப்பி, மார்க்கரை எடுத்துவிடலாம் என்று கமென்ட் எழுதுங்கள். ஸ்ட்ரிக்ட் வைத்திருந்தால் அதுவே ஃபெயிலாக வரும். அப்படி வருவதை வழக்கமான ஃபெயில்போல நடத்தலாம்.

டியர்டவுன் மட்டும் ஃபெயில் ஆனால், கால் கட்டத்தின் முடிவைத் தொடாமல் கமென்டில் ஒரு வரி மட்டும் சேருங்கள். விழுந்ததைத் திரும்ப ஓட்டும் ரீரன்ஃபெயிலியர்ஸ் பிளகின் வைத்திருப்பவர்களுக்கு ரீரன் என்று இன்னொரு அவுட்கமும் வரும். அதைக் கண்டுகொள்ளாதீர்கள், கடைசி முயற்சியின் முடிவு தனியாக வந்து சேரும்.

பாராமெட்ரைஸ் செய்த டெஸ்ட்டுகளுக்கு இன்னொரு விதி தேவை. ஒரு ஃபங்ஷன், ஐந்து டேட்டா, ஒரே கேஸ் எண். நான்காவது விழுந்து ஐந்தாவது பாஸ் ஆனால், ஐந்து முடிவுகளையும் வரிசையாக அனுப்பினால் கேஸ் பச்சை. எனவே லாக்ரிப்போர்ட்டில் உடனே அனுப்பாமல், கேஸ் எண்ணுக்கு எதிராக ஒரு டிக்ஷனரியில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். (இது கன்ட்ரோலரில் ஓடுவதால் பழைய பிரச்சினை இல்லை.) ஏற்கெனவே இருக்கும் நிலையைவிடப் புதிது மோசமாக இருந்தால் மட்டும் மாற்றுங்கள்: ஃபெயில், அப்புறம் ப்ளாக்ட், அப்புறம் பாஸ். எந்த டேட்டாவில் விழுந்தது என்பது ரிப்போர்ட்டின் நோட்ஐடியில் (டெஸ்ட்டின் முழுப்பெயர்) சதுர அடைப்புக்குள் இருக்கும், அதைக் கமென்டில் சேருங்கள். ஒவ்வொரு டேட்டாவுக்கும் தனி கேஸ் வேண்டுமென்றால், பைடெஸ்ட்.பாராம் உள்ளேயே மார்க்ஸ் என்று கொடுத்துத் தனித்தனி எண் தரலாம்.

ஒரே ஆள் அனுப்பட்டும்

இந்தச் சேகரிப்பும் அனுப்புதலும் ஒரு கிளாஸில் இருக்கட்டும். அதைப் பைடெஸ்ட்_கான்ஃபிகரில் ப்ளகின்மேனேஜரிடம் ரெஜிஸ்டர் செய்யுங்கள், இரண்டு நிபந்தனைகளோடு. ரன் எண்ணோ ட்ரைரன்னோ கொடுத்திருக்க வேண்டும். கான்ஃபிக்கில் வொர்க்கர்இன்புட் என்ற ஆட்ரிப்யூட் இருக்கக் கூடாது. அது இருந்தால் நீங்கள் எக்ஸ்டிஸ்ட் வொர்க்கருக்குள் இருக்கிறீர்கள் என்று பொருள். இந்த இரண்டாவது நிபந்தனையை மறந்தால், கன்ட்ரோலரும் அனுப்பும், ஒவ்வொரு வொர்க்கரும் தன் பங்குக்கு அனுப்பும். மார்க்கரைப் படித்து எண்ணை ஏற்றும் ஹூக் மட்டும் வொர்க்கரிலும் ஓட வேண்டும் என்பதால், அதைக் கிளாஸுக்கு வெளியே விட்டுவிடுங்கள்.

அனுப்புவது பைடெஸ்ட்_செஷன்ஃபினிஷ் ஹூக்கில். டெஸ்ட்ரெயிலில் ஆட்_ரிசல்ட்ஸ்_ஃபார்_கேசஸ் என்ற அழைப்பு எல்லா முடிவுகளையும் ஒரே மூட்டையாக வாங்கிக்கொள்ளும். கேஸுக்கு ஒன்றாக அனுப்பினால் கிளவுட் பதிப்பில் வேகக் கட்டுப்பாட்டில் மாட்டுவீர்கள், 429 என்ற எரர் வரும். மூட்டையாக அனுப்புவதில் ஒரு சிக்கல்: அந்த ரன்னில் இல்லாத ஒரு கேஸ் எண் உள்ளே இருந்தாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடும். எனவே முதலில் கெட்_டெஸ்ட்ஸ் அழைத்து ரன்னில் உள்ள எண்களை வாங்கி, அவற்றோடு பொருந்துவதை மட்டும் அனுப்புங்கள். அந்தப் பட்டியல் 250 வீதம் பக்கம் பக்கமாக வரும். முதல் பக்கத்தோடு நிறுத்தினால் மற்றவை ரன்னில் இல்லை என்று தோன்றும். ஓடிய நேரத்தை விநாடியில், 7எஸ் என்பது போலக் கொடுங்கள். ஒரு விநாடிக்குக் குறைந்ததைப் பூஜ்யமாக விடாமல் ஒன்று என்று உயர்த்திக்கொள்ளுங்கள்.

ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியைப் பயன்படுத்தினால் டைம்அவுட் கட்டாயம் கொடுங்கள். அதற்குத் தானாக டைம்அவுட் கிடையாது. டெஸ்ட்ரெயில் பதில் சொல்லாத ராத்திரியில் பில்ட் விடியும்வரை தொங்கிக்கொண்டே நிற்கும்.

அனுப்பும் பகுதி முழுவதையும் ட்ரை, எக்செப்ட்டுக்குள் வையுங்கள். லாக்ரிப்போர்ட்டில் உங்கள் கோட் வெடித்தால் பைடெஸ்ட் அதை இன்டர்னல் எரர் என்று கருதி, ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தி 3 என்ற எண்ணோடு வெளியேறும். செஷன்ஃபினிஷில் வெடித்தால், எந்த டெஸ்ட் விழுந்தது என்ற சுருக்கமே திரையில் வராது. டெஸ்ட்ரெயில் சர்வர் படுத்ததற்காக ஐம்பது பேரின் பில்ட் உடையக் கூடாது. தோற்றால் முடிவுகளை ஜேசான் ஃபைலில் எழுதிவிட்டு, பைடெஸ்ட்_டெர்மினல்_சம்மரி ஹூக்கில் "42 முடிவுகள் அனுப்பப்படவில்லை, ஃபைல் இங்கே" என்று ஒரு வரி காட்டுங்கள். ட்ரைரன்னும் இதே ஃபைலைத்தான் எழுதப்போகிறது, கோட் ஒன்றே.

பேக்கேஜாக மாற்றுதல்

இரண்டாவது ப்ராஜெக்ட் இதைக் கேட்கும் நாளில் கான்ஃப்டெஸ்டிலிருந்து பிரித்தெடுங்கள். எஸ்ஆர்சி ஃபோல்டருக்குள் ஒரு மாட்யூல், வெளியே ஒரு பைப்ராஜெக்ட்.டாம்ல். அதில் என்ட்ரி-பாயின்ட்ஸ் பகுதியில் பைடெஸ்ட்11 என்ற குரூப்பின் கீழ் உங்கள் பிளகினுக்கு ஒரு பெயர் கொடுத்து மாட்யூலைச் சுட்டுங்கள். ஆமாம், 11 என்ற எண்ணோடுதான். விட்டால் பைடெஸ்ட் உங்களைக் கண்டுகொள்ளாது, எரரும் வராது. பிறகு பிப் இன்ஸ்டால் -இ . என்று நிறுவி, பைடெஸ்டை ஓட்டிப் பாருங்கள். மேலே பிளகின்ஸ் என்ற வரியில் உங்கள் பேக்கேஜின் பெயர் வர வேண்டும். ஆப்ஷன் ஏற்கெனவே சேர்க்கப்பட்டது என்று எரர் வந்தால், கான்ஃப்டெஸ்டில் பழைய கோட் இன்னும் இருக்கிறது. யாருக்காவது பிளகின் வேண்டாமென்றால் -பி நோ: என்று போட்டு, ஒட்டினாற்போல என்ட்ரி பாயின்டில் வைத்த பெயரைக் கொடுத்தால் போதும்.

பிளகினுக்கும் டெஸ்ட்

பைடெஸ்டர் என்ற ஃபிக்ஸ்சர் பைடெஸ்டோடு வருகிறது. உங்கள் டெஸ்ட் ஃபோல்டரின் கான்ஃப்டெஸ்டில் பைடெஸ்ட்_பிளகின்ஸ் என்ற வேரியபிளில் அதன் பெயரை எழுதினால் இயங்கும். அது ஒரு தற்காலிக ஃபோல்டரில் குட்டி டெஸ்ட் ஃபைல் எழுதி, அதன் மேல் பைடெஸ்டை ஓட்டி, விளைவை உங்கள் கையில் கொடுக்கும். மேலே எடுத்த முடிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி ஃபைல் எழுதுங்கள்: ஃபிக்ஸ்சரில் விழுவது, எக்ஸ்ஃபெயில், ஐந்தில் நான்காவது விழுவது, டியர்டவுன் மட்டும் விழுவது. ட்ரைரன்னில் ஓட்டி, ஜேசானில் சரியான எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், டெஸ்ட்ரெயில் சர்வரே தேவையில்லை. எக்ஸ்டிஸ்டில் -என் 2 போட்டு ஓட்டும் ஒரு டெஸ்ட்டும் கட்டாயம் இருக்கட்டும்.

சிஐயில் (ஜென்கின்ஸ் போன்ற கருவிகளில்) பொருத்துதல்

டெஸ்ட்ரெயில் முகவரி இனி ஃபைலில் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் தானாகச் சேரும் ஆப்ஷன்களை எழுதும் ஆட்ஆப்ட்ஸ் வரியில் ரன் எண்ணை எழுதிவிடாதீர்கள். எழுதினால், பாதி எழுதிய கோடை யாராவது தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்ப்பதும் ரிலீஸ் ரன்னில் சிவப்பாக ஏறும். பைப்லைன் ஒவ்வொரு பில்டுக்கும் ஆட்_ரன் மூலம் புது ரன் திறந்து, அந்த எண்ணைக் கமாண்ட்லைனில் தருவதே பாதுகாப்பு. மூடிய ரன்னில் முடிவு ஏற்ற முடியாது என்பதால், ரன்னை மூடும் படி பைடெஸ்ட் படிக்குப் பிறகுதான் வர வேண்டும்.

ஜென்கின்ஸ் என்றால் கீயைக் கிரெடென்ஷியல்ஸில் வைத்து, அந்த ஸ்டேஜுக்கு மட்டும் என்விரான்மென்ட் வேரியபிளாகத் திறந்துவிடுங்கள். கிட்ஹப் ஆக்ஷன்ஸில் சீக்ரெட்ஸ் இருக்கிறது. ஆனால் ஃபோர்க்கிலிருந்து வரும் புல் ரிக்வெஸ்டுக்கு அந்த சீக்ரெட்ஸ் பொதுவாகக் கிடைக்காது. கீ காலியாக இருந்தால் பிளகின் கோபித்துக்கொள்ளாமல் தானாக ட்ரைரன்னுக்கு மாறி, ஏன் மாறியது என்று சம்மரியில் ஒரு வரி சொல்லட்டும்.

முதல் சில பில்டுகளுக்கு எல்லாவற்றையும் ட்ரைரன்னிலேயே ஓட்டுங்கள். காலையில் கையால் குறிக்கிறாரே, அவரிடம் அந்த ஜேசானைக் காட்டி, அவர் குறித்ததோடு எங்கெங்கே ஒத்துப்போகவில்லை என்று கேளுங்கள். உங்களிடம் இல்லாத விதி ஏதாவது ஒன்று அவர் மனதில் இருக்கும்.